ஒட்டகத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவள்

எண்பதுகளின் நடுவில், ஒரு பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. அப்போது நாங்கள் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் குடியிருந்தோம். கணவருக்கு சான் ஹோசேயில் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு மலையைத் தாண்டி லிவர்மோரில், மாடு குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு சின்ன கிளினிக்கில் உதவியாளர் வேலை.

உதவியாளர் என்று சொல்லிக்கொள்ள அப்போது எனக்கு வாய் வராது. ஊரில் முறையாகக் கால்நடை மருத்துவம் படித்து, நாமக்கல் பக்கம் நான்கு வருஷம் மாடு, எருமை, ஆடு என்று பார்த்துப் பேர் வாங்கியவள் நான். நடுராத்திரி சைக்கிளில் ஆள் அனுப்பி என்னைக் கூட்டிப்போவார்கள். அமெரிக்கா வந்ததும் அந்தப் பட்டம் இங்கே செல்லாது, மறுபடி பரீட்சை எழுது என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை ஊசி எடுத்துக் கொடு, குதிரையின் காலைப் பிடி, தரையைக் கழுவு. செய்தேன். ஆனால் ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் ஊற்றும்போது, 'எனக்குத் தெரியாததா இவர்களுக்குத் தெரிந்துவிட்டது' என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

எங்களுடைய இரண்டு வயது மகளை ஒரு நேபாளப் பெண் பார்த்துக்கொண்டாள். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். அவளுடைய கணவர் ஃப்ரீமான்ட்டில் ஓர் இந்திய ரெஸ்டாரன்டில் சமையல்காரர். எங்கள் அப்பார்ட்மென்டிலேயே கீழ்வீடு. என்னை 'தீதி' என்பாள், அவர்கள் மொழியில் அக்கா. நான் பள்ளிக்கூட நாளில் படித்துத் தேறிய இந்தியும், அவள் எங்கேயோ கேட்டுக் கற்ற இந்தியும் பாதி வழியில் எப்படியோ சந்தித்துக்கொள்ளும். மீதிக்கு இருவருக்கும் தெரிந்த நாற்பது இங்கிலீஷ் வார்த்தை.

எந்நேரமும் கன்னத்தில் எதையோ ஒதுக்கி வைத்திருப்பாள். பாக்கு போடுகிறாள், குழந்தை பழகிக்கொள்ளும் என்று ஒரு நாள் அதட்டியே விட்டேன். அவள் புடவை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டை நீட்டினாள். பாலைத் திரியவைத்து, பிழிந்து, அடுப்புக்கு மேலே மாதக்கணக்கில் காயவைத்த கட்டியாம். யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த மலை மாடு ஒன்று உண்டு, பேர் சௌரி. அதன் பாலில் செய்தது. அவள் குடும்பம் கிழக்கு நேபாளத்தில் அந்த மாடுகளை மேய்க்கிற குடும்பம் என்று அப்போதுதான் சொன்னாள். நான் வீம்புக்கு ஒரு கடி கடித்தேன். கடவாய்ப் பல் தப்பியது முன்னோர் செய்த புண்ணியம். பல்லைப் பற்றி நினைத்த அளவுக்கு, அவள் சொன்ன குடும்பத்தைப் பற்றி நான் நினைக்கவில்லை.

அந்த ஞாயிறு காலை கிளினிக் டாக்டர் போன் பண்ணினார். அவர் தொலைவில் ஒரு குதிரைக்கு வயிற்றுவலி பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். லிவர்மோருக்குக் கிழக்கே, புதிதாகக் காற்றாலைகள் முளைத்திருந்த குன்றுகளுக்கு நடுவில் ஒரு பண்ணை. அந்தப் பண்ணைக்காரர் இரண்டு ஒட்டகங்கள் வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் சர்ச்சுகளில் மாட்டுத்தொழுவம் ஜோடிக்கிறபோது நிறுத்திவைக்க, ஊர்வலத்தில் நடத்திக்கொண்டு போக என்று வாடகைக்கு விடுவார். அதில் பெண் ஒட்டகம் அன்று விடியற்காலை தலைச்சன் குட்டி போட்டிருந்தது. போய்ப் பார், எழுந்து நிற்கிறதா, பால் குடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லு, நான் மத்தியானம் வருகிறேன், அதுவரை எதையும் தொடாதே என்றார் டாக்டர். அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கணவர் ஆபீஸ் வேலையாக டாலஸ் போயிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"குழந்தைய எங்க விடுவ? கீழ்வீட்டுப் பொண்ணையும் கூட்டிட்டுப் போயேன். நீ வேலைய பாரு, அவ கார்ல உக்காந்து பாத்துக்கட்டும்."

அப்படித்தான் மூன்று பேரும் கிளம்பினோம். மழைக்காலம் முடிகிற நேரம், ஃப்ரீவேயின் இரண்டு பக்கமும் குன்றுகள் பச்சைப் பசேல் என்று இருந்தன. பேச்சுக்கு அவளிடம் கேட்டேன், உங்கள் ஊரில் எல்லாரும் ஒட்டகப் பால் குடிப்பீர்கள்தானே என்று. நாமக்கல்காரிக்கு வடக்கே இருப்பதெல்லாம் ஒரே ஊர். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்க மலையில ஏது தீதி ஒட்டகம்? பள்ளிக்கூடப் புஸ்தகத்துல படம் பாத்திருக்கேன். அவ்வளவுதான்."

பண்ணைக்குப் போனபோது மணி பத்து. பண்ணைக்காரர் அறுபது வயசு மனிதர், அதிகம் பேசமாட்டார். குதிரையும் மாடும் எத்தனையோ பார்த்தவர், ஒட்டகப் பிரசவம் அவருக்கும் முதல் தடவை. கம்பி வேலிக்குள்ளே வைக்கோலில் குட்டி கிடந்தது. கழுத்தும் காலுமாக, யாரோ அவசரத்தில் மடித்து வைத்த குடை மாதிரி. உடம்பெல்லாம் மெல்லிய ஒரு தோல் பிளாஸ்டிக் தாள்போல ஒட்டிக்கொண்டு காற்றில் படபடத்தது. தாய் மூன்றடி தள்ளி நின்று, மூக்கை நீட்டி நீட்டி மோந்துவிட்டு, தொண்டைக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. நக்கவில்லை.

பசு கன்று போட்டால் முதல் வேலையாக நக்கும். எருமை நக்கும். வெள்ளாடு நக்கும். நக்காத தாய் குட்டியை ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். இது எனக்குப் பாடம், அனுபவம் இரண்டும் சொன்னது. பண்ணைக்காரரும், "அப்போதிலிருந்து பார்க்கிறேன், ஒரு தடவைகூட நக்கவில்லை" என்று கவலையாகச் சொன்னார். டாக்டர் தொடாதே என்று சொன்னது ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் தொட்டேன் என்றும் சொல்லலாம். நான் யார் என்று காட்ட எனக்கு ஒரு குட்டி கிடைத்தது.

இரண்டு பேருமாகக் குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய், சேணம் வைக்கும் அறையில் ஹீட்டர் பக்கத்தில் போட்டோம். வெந்நீர், மருந்து சோப்பு. அந்த மெல்லிய தோலை நறுவிசாக உரித்து வாளியில் போட்டேன். தேய்த்துக் கழுவி, டவலால் துவட்டி, கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் குழந்தைபோல ஆக்கிவிட்டேன். வெளியே தாய் கத்திக்கொண்டே இருந்தது. பிரசவ வலி இன்னும் தீரவில்லை என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

பதினொன்றரைக்குக் குட்டியைத் திரும்பத் தாயிடம் கொண்டுபோனோம். தாய் ஓடி வந்தது, மோந்தது. அவ்வளவுதான். ஒரு கூச்சல் போட்டு, எச்சிலை என் முகத்தில் துப்பி, பின்னங்காலால் ஒரு உதை. உதை என் இடுப்பை உரசிக்கொண்டு போனது, நான் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி முயன்றோம், மறுபடி உதை. பண்ணைக்காரர் ஃப்ரீஸரில் வைத்திருந்த பசுவின் சீம்பாலை இளக்கிப் பாட்டிலில் கொடுத்தோம். குட்டி ரப்பரை நாக்கால் தள்ளிவிட்டது. தாயின் சீம்பால் முதல் நாளே உள்ளே போகவில்லை என்றால் அந்தக் குட்டிக்கு நோயைத் தாங்கும் சக்தியே இருக்காது. அது எனக்கு நன்றாகத் தெரியும். செல்போன் எல்லாம் கிடையாத காலம், டாக்டரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு மணி சுமாருக்குக் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. உறிஞ்சக்கூட முயலவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுதால் பண்ணைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

அப்போதுதான் அவள் காரை விட்டு இறங்கி வந்தாள். இடுப்பில் என் மகள், "பிக் டாகி, பிக் டாகி" என்று ஒட்டகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் நேராக என்னிடம் வந்து, "தீதி, புடிங்க" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

முதலில் என் வாளியிடம்தான் போனாள். நான் உரித்துப் போட்ட தோலை எடுத்தாள். பிரசவமான இடத்தில் ஈரமாகக் கிடந்த வைக்கோலையும் இரண்டு கை நிறைய வாரினாள். நான் அவ்வளவு அழகாகக் கழுவி வைத்திருந்த குட்டியின் தலை, முதுகு, வால் என்று ஒரு இடம் விடாமல் அந்த அழுக்கைத் தேய்த்தாள். பண்ணைக்காரரிடம் "சால்ட்" என்றாள். மாடுகளுக்கு வைத்திருந்த உப்புக்கட்டியை உடைத்து அவர் ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார். அதில் கொஞ்சத்தைக் குட்டியின் முதுகில் தூவினாள், மிச்சத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு செய்ததுதான் எனக்கு இன்றுவரை நம்ப முடியாதது. குட்டியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தாய் ஒட்டகத்துக்கு முதுகைக் காட்டி வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். ஏழடி உயர மிருகம், சற்றுமுன் என்னை உதைத்துத் தள்ளிய மிருகம், பத்தடி பின்னால் நின்று கோபத்தில் வாயை மென்றுகொண்டிருந்தது. அவள் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உப்பு வைத்த கையைத் தோளுக்குமேல் பின்னால் நீட்டியபடி, தொண்டைக்குள் மெதுவாக முனக ஆரம்பித்தாள். பாட்டு இல்லை. காலையிலிருந்து அந்தத் தாய் முனகிக்கொண்டிருந்த அதே சத்தம். நான் காதில் வாங்கியும் வாங்காமல் விட்ட சத்தம்.

அரை மணி நேரம் இருக்கும். என் மகள்கூட என் தோளில் சாய்ந்து சும்மா இருந்தாள். ஒட்டகம் ஓர் அடி வைத்தது. நின்றது. இன்னோர் அடி. அதன் மூச்சில் அவள் பிடரி மயிர் அசைவது எனக்குத் தெரிந்தது. உதடு நீண்டு உள்ளங்கை உப்பைத் தடவியது. அது தீர்ந்ததும் அவள் தோளைத் தாண்டிக் கழுத்தை இறக்கி, குட்டியின் முதுகில் இருந்த உப்பையும் தொட்டது. மோந்தது. நெடுநேரம் மோந்தது. பிறகு அதுவும் முனகியது. இரண்டு பேரும் முனகினார்கள்.

அவள் அவசரப்படாமல் எழுந்து, குட்டியை நிறுத்தித் தன் முழங்காலால் முட்டுக் கொடுத்து, தாயின் மடிக்குக் கொண்டுபோனாள். முதல் இரண்டு பீச்சலைக் குட்டியின் உதட்டில் விட்டாள். குட்டி நாக்கைச் சுழற்றியது, காம்பைத் தேடியது, பிடித்தது. அந்தச் சப்புக் கொட்டும் சத்தம் வேலிவரை கேட்டது. தாய் பின்னங்கால்களை அகட்டி வைத்து அசையாமல் நின்றது. படத்தில் மட்டுமே ஒட்டகத்தைப் பார்த்த பெண் அதன் வயிற்றில் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தாள்.

பண்ணைக்காரர் மெதுவாக வீட்டுக்குள் போய் ஒரு காபிக் கோப்பையோடு வந்தார். ஒட்டகப் பாலை ஒரு வாய் ருசி பார்க்க அவருக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். அவள் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடிவிட்டாள். பதினொரு நாள் ஆகட்டும் என்று விரலை விரித்துக் காட்டி, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க ஊர்ல இந்தப் பால் கிடையாது தீதி. ஆனா யார் முதல்ல குடிக்கணும்ங்கிறது எல்லாப் பாலுக்கும் ஒண்ணுதான்."

மூன்று மணிக்கு டாக்டர் வந்தார். குட்டியைப் பார்த்தார், திருப்தி. கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாக ஒரு விஷயம் சொன்னார். ஒட்டகம் குட்டியை நக்காது, அதன் வழக்கமே மோந்து பார்த்து முனகுவதுதான், அந்த மெல்லிய தோலும் தானாகக் காய்ந்து உதிர்ந்துவிடும், தெரியாதவர்கள் தாய் ஒதுக்கிவிட்டது என்று நினைத்துக் குட்டியைப் பிரித்துக் கெடுத்துவிடுவார்கள், நல்லவேளை இங்கே அப்படி நடக்கவில்லை என்றார். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன். பண்ணைக்காரர் என் பக்கம் கையைக் காட்டி, எல்லாம் இந்த அம்மாவும் அவர்கள் கூட வந்தவரும் பார்த்துக்கொண்டார்கள் என்றார். அவள் வேலிக்கு வெளியே நின்று என் மகளுக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் கீழ்வீட்டில் குழந்தையை விடும்போதெல்லாம் அவள் எதையாவது சொல்லிக் காட்டுவாள் என்று பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பதினோராம் நாள் கிளினிக்குக்குப் போன் வந்தது. பண்ணைக்காரர் நாட்களை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்தப் பெண்ணைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டார். சாயங்காலம் போனோம். குட்டி நாலுகால் பாய்ச்சலில் வேலியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் குட்டியைக் குடிக்கவிட்டு, மறுபக்கம் அவள் கறந்தாள். ஒன்றிரண்டு நிமிஷம்தான், பால் நின்றுவிட்டது. நுரை ததும்பிய முதல் பாலைக் கொண்டுபோய் வேலிக் கதவின் அடியில் மண்ணில் ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னாள். மிச்சத்தைப் பண்ணைக்காரரின் அடுப்பில் காய்ச்சி, அரிசி போட்டு, காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்த ஏலக்காயைத் தட்டிப் போட்டுப் பாயசம் வைத்தாள். சர்க்கரைக்கு அடியில் துளி உப்புக் கரித்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. (நான் சும்மா இருக்காமல் ஒரு டம்ளர் பாலை வீட்டுக்கு எடுத்துப்போய் உறை குத்தினேன். விடிந்து பார்த்தால் அப்படியே தண்ணீராக நின்றது. தயிர் சாதம் சாப்பிடும் ஜாதியிடம் அந்தப் பால் மசியவில்லை.)

பாயசக் கிண்ணம் கையில் இருக்கும்போதே பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டேன். தாய் குட்டியை ஒதுக்கவேயில்லை, நான்தான் தெரியாமல் பிரித்து, கழுவி, அதன் வாசனையைப் போக்கிவிட்டேன், அவள்தான் காப்பாற்றினாள் என்று. டாக்டரிடமும் காலையிலேயே சொல்லிவிட்டேன், அவர் வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி என்றேன். டாக்டர் நிறுத்தவில்லை, ஒரு மாதம் மட்டும் தனியாக எங்கேயும் அனுப்பவில்லை. அன்று குட்டியின் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கியது தானும்தானே என்று மட்டும் பண்ணைக்காரர் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தன் ஊரில் நடந்த ஒன்றைச் சொன்னாள். பதினாலு வயசில், மழையில் ஒரு சௌரி கன்று போட்டதாம். சேற்றில் நடுங்குகிறதே என்று இவள் பாவப்பட்டு ஓடையில் கழுவி, தன் சால்வையில் சுற்றி, நெருப்பு பக்கத்தில் வைத்துக்கொண்டாளாம். தாய் அதற்குப் பிறகு கன்றைச் சேர்க்கவேயில்லை. மூன்றாம் நாள் கன்று போய்விட்டது. பதினொரு நாள் அந்தப் பாலைக் கறந்து கறந்து மண்ணில் ஊற்றினார்களாம், வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கவில்லையாம்.

"அந்தத் தாய் என் சால்வைய மோந்து மோந்து பாத்துட்டு என் பின்னாலயே சுத்துச்சு தீதி."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க குட்டியத் தூக்கினப்பவே வேணாம்னு கத்தணும்னு இருந்துச்சு. நீங்க டாக்டர். நான் புள்ள பாக்குறவ."

நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அவள் காலையிலேயே கத்தியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது எங்கள் இருவருக்குமே தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து பரீட்சையில் தேறி, இந்த நாட்டிலும் டாக்டர் ஆனேன். முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்துவிட்டேன். எந்தப் பண்ணைக்குப் போனாலும், வேலிக்கு வெளியே வாளியோடோ குழந்தையோடோ சும்மா நிற்கிறவரிடம் "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடித்த பிறகுதான் விலங்கின்மேல் கை வைக்கிறேன், ஏனென்றால் ஒரு தாயின் முனகலைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அன்று என் காருக்குள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளை அப்படி உட்கார வைத்தவள் நான்.